வயிற்றுப் பக்கம்

எங்கள் லிஃப்டுக்குள் ஒரு தகரப் பெட்டி.
இருபது தெத்ரி போட்டால்தான் ஒன்பதாம் மாடி.
போன மாதம்வரை பத்துதான்.

"அந்த மென்பொருளும் இப்படித்தான்" என்றான் ஊச்சா,
கோட்டுப் பையில் சில்லறை துழாவியபடி.
"காசு போட்டால் ஏறும்.
போடாவிட்டால், உள்ளே இருக்கும் உன் கோப்புகளோடு
கதவைச் சாத்திக்கொள்ளும்."
சந்தா டாலரில். எங்கள் சம்பளம் லாரியில்.
நடுவே தினம் காலையில் மாறும் ஒரு விலை.

திபிலீசியில் மெட்ரோ முடிகிற வர்கெத்திலி.
மூன்று பேர், இரண்டு கணினி, ஒரு மின்கணப்பு.
கணப்பைப் போட்டால் ஒரு கணினியை அணைக்க வேண்டும்.
திரையில் ஒரு தெருநாய் நிற்கிறது,
சாம்பல் நிறத்தில், இன்னும் தோல் இல்லாமல்.

உருண்டையைத் தட்டையாக்க
எங்காவது கிழிக்கத்தான் வேண்டும்.
எங்கே என்பதுதான்
இந்தத் தொழிலின் மொத்தச் சண்டையும்.

வாடகை மென்பொருளில் ஒரே பொத்தான்.
நான்கு நொடியில் நாயை நாற்பத்தொரு துண்டாக்கி
மேசை விரிப்புபோல் அடுக்கிக் காட்டியது.
கட்டம்போட்ட துணியைச் சுற்றிப் பார்த்தேன்:
முதுகில் சதுரங்கள் ஒழுங்காக,
காதோரம் இழுபட்டுச் சவ்வுமிட்டாயாக,
இடது கண்ணின் நடுவே ஒரு தையல்.
அழுக்குக்குக்கூட அதில் ஒரு திருகு உண்டு.
புள்ளி ஆறில் வைத்தேன்.
எல்லா மடிப்பிலும் சரிசமமாகச் சேறு.
வாசலில் படுக்கும் நிஜ நாய்க்கு
வலப்பக்கம் மட்டும்தான் அழுக்கு.
அது எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்து படுக்கிறது,
கராஜ் சுவரை ஒட்டி, எண்ணெய்க் கறைமேல்.

இலவச மென்பொருள் நான் சொல்லாமல் எதையும் வெட்டாது.
விளிம்பு விளிம்பாக நானே தொட வேண்டும்.
"படிக்கட்டு. காசு வேண்டாம், முழங்கால் வேண்டும்" என்றான் மிந்தியா.
சேமிக்கும்போது மூன்று முறை விழுந்தது.

மூன்றாவது, மூடிப்போன கம்பெனியிலிருந்து ஊச்சா கொண்டுவந்தது.
ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.
பூட்டுச்சாவிபோல் ஒரு யுஎஸ்பி, ஒட்டுநாடா சுற்றியது.
புதிய கோப்பு எதைக் காட்டினாலும்
காது கேளாததுபோல் உட்கார்ந்திருக்கும்.

மிந்தியா அட்டவணை போட்டான்.
விலை, வேகம், விழுந்த எண்ணிக்கை.
கடைசியில் நான் ஒரு பத்தி சேர்த்தேன்:
நாயைப் பார்த்திருக்கிறதா?
மூன்றிலும் கோடு.

முப்பது நாள் இலவசத்தின் இருபத்தாறாம் நாள்
ராட்டர்டாமிலிருந்து இரண்டு வரி வந்தது.
வாடகைக்காரனின் வடிவில்தான் கோப்புகள் வேண்டுமாம்.
ஊச்சா அட்டையை நீட்டினான்.
அட்டவணையின் பின்புறத்தில்
இப்போது பால்காரன் கணக்கு இருக்கிறது.

ஆனாலும் தையலை மட்டும் இரவில் இலவசத்தில்தான் குறித்தேன்.
தாடைக்குக் கீழே தொடங்கி, தொண்டை, நெஞ்சு,
வயிற்றின் நடுவழியே வாலடிவரை.
கால்களுக்கு உட்புறம்.
யாரும் பார்க்காத வழி.
"எதற்கு ரெண்டு?" என்றான் ஊச்சா.
லிஃப்ட் ஏற்றிவிடும்,
எந்த மாடியில் என்ன சமையல் என்று
படிக்கட்டுக்குத்தானே தெரியும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. ரசீதைக் கேட்டான்.

நேற்று நுழைவாயிலில்,
காதில் பச்சை வில்லை குத்திய அந்த நாய்,
இரண்டு வருடமாக யாரையும் தொடவிடாதது,
மிந்தியா எறிந்த சாசேஜ் தோலைத் தின்றுவிட்டு
வெந்நீர்க் குழாயின் சூட்டில் மல்லாந்தது.

இருபது தெத்ரியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தேன்.
இரண்டு பக்க ரோமமும் எதிரெதிராக ஓடிவந்து
சந்திக்கிற ஒரு மெல்லிய கோடு.
இருந்தது.
நான் வைத்த இடத்திலிருந்து
இரண்டு விரற்கடை தள்ளி.

கைப்பேசியில் படம் எடுத்தேன்.
மங்கலாக வந்திருக்கிறது.
அது புரண்டுவிட்டது.