இரண்டாம் எதிரி

எழும்பூர், பொருளாதாரக் குற்றங்களுக்கான நீதிமன்றம்.
மின்விசிறிக்கு நேர் கீழே இடம் வேண்டுமென்றால்
ஒன்பதரைக்கே வந்துவிட வேண்டும்.
பட்டியலில் என் பெயர் பரந்தாமன், இரண்டாம் எதிரி.
யாருக்கு எதிரி என்று கேட்டேன் ஒருமுறை.
'கோர்ட்டுத் தமிழ் சார், மனசுல வச்சுக்காதீங்க'
என்றார் டவாலி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பற்சக்கரம் கடையும் பட்டறை.
வரி விழும் சம்பளம் பதினொரு பேருக்கு.
பிடித்ததை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.
பிடித்தோம்.
கரண்ட் பில், டீசல், லேத் மிஷின் தவணை,
அப்புறம் முதலாளி மகளுக்குக் கல்யாண மண்டப அட்வான்ஸ்.
சம்பளச் சீட்டில் 'வரிப் பிடித்தம்' என்ற கட்டத்தை மட்டும்
என் விரல்கள் மாதம் தவறாமல் நிரப்பின.
'அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடலாம் பரந்தாமன்.'
அடுத்த மாசம் என்று ஓர் ஊர்.
அதற்கு பஸ்ஸே விடவில்லை.

பட்டறை மூடியதும் எண்ண ஆரம்பித்தேன்.
புரோநோட்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும்;
மச்சினன் தர வேண்டிய எண்பதாயிரம்
அப்படித்தான் என் பீரோவுக்குள் செத்தது.
அதே கணக்கை இதற்கும் போட்டேன்.
வெள்ளம் வந்த வருஷம் கோப்பெல்லாம் ஊறிக் கூழானபோது
கொரட்டூர் ஏரிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.
மார்ச் முப்பத்தொன்று ராத்திரிகளில்
நுங்கம்பாக்கம் வருமான வரி ஆபீஸ் முழுக்க வெளிச்சம்.
நாள் கடந்துபோகுமுன் முடிக்க வேண்டிய கோப்புகள்.
ஒன்பது மணி பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து
என் வருஷத்தையும் அதோடு கழித்துக்கொள்வேன்.

ஒன்பதாம் வருஷம் சம்மன் வந்தது.
ஆர்மீனியன் தெரு வக்கீல் அமலா தேவசகாயம்
கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்:
'நீங்க எண்ணினது வேற கணக்கு.
பழைய வரியைத் திருப்பிப் பார்க்கத்தான் அவங்களுக்குக் கெடு.
குற்ற வழக்குப் போட இல்லை.
சில்லறைத் திருட்டுக்கு மூணு வருஷம் உண்டு;
இதுக்குன்னு எழுபத்துநாலுல தனிச் சட்டம் போட்டு
கெடுவையே எடுத்துட்டாங்க.'
எழுபத்துநாலில் நான் ஆறாம் வகுப்பு,
கொண்டித்தோப்பு கார்ப்பரேஷன் ஸ்கூலில்
பின்னக் கணக்கில் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

முதல் எதிரி போன ஆடியில் இறந்துபோனார்.
மரணச் சான்றிதழ் தாக்கல். மாஜிஸ்திரேட் ஒரு கோடு கிழித்தார்.
கூண்டில் இப்போது இடம் தாராளம்.
கெடு இல்லாத வழக்குக்கு அவசரமும் இல்லை.
சாட்சி அதிகாரி மாற்றலில் மதுரை போனார், வாய்தா.
அரசு வக்கீலுக்குப் பல்வலி, வாய்தா.
அகவிலைப்படி மாதிரி என் சர்க்கரை அளவு மட்டும்
ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிறது.

இன்றைக்குத்தான் அவர்கள் தந்த நகல்களை முழுசாகப் புரட்டினேன்.
நாற்பத்து மூன்றாம் பக்கம்.
கோடு போட்ட தாள், மகளோ யாரோ எழுதிய உருண்டைக் கையெழுத்து:
'சம்பளத்தில் பிடித்த பணம் ஆபீஸுக்கு வந்து சேரவில்லை என்கிறீர்கள்.
மறுபடியும் கட்டிவிட்டேன் ஐயா. ரசீது இணைத்துள்ளேன்.
இப்படிக்கு, ஏசுவடியான், வெல்டர்.'
அடியில் ஒரு செல்போன் எண்.
அடுத்த பக்கம் பட்டறை அனுப்பிய பதில்:
'விசாரித்து வருகிறோம்.'
கையெழுத்து என்னுடையது. அப்போது கை நடுங்காது.

வராந்தா படிக்கட்டில் நின்று அந்த எண்ணைப் போட்டேன்.
மூன்றாம் மணியில் எடுத்தார்.
பின்னால் கிரைண்டர் இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.
'பட்டறைக் கணக்கர் பரந்தாமன் பேசறேன்.
அந்தப் பிடித்தம் விஷயமா...'
கிரைண்டர் நின்றது.

'எந்த வருஷத்துது சார்?' என்றார் நிதானமாக.
'ரெண்டு வருஷம்ல புடிச்சீங்க?'

என் மேல் இருப்பது ஒரு வருஷத்து வழக்குதான்.

உள்ளே டவாலி என் பெயரைக் கூப்பிடுகிறார்.
இரண்டாம் தடவை.
மூன்றாம் தடவை.