நீர் குறைந்த இடத்தில்

மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலையின் மாடி
எங்கள் ஆய்வகம்.
கொழுந்து வாடப் போட்ட தொட்டிகளை அறுத்துத்தான்
மேசை அடித்தோம்.
மழைநாளில் பலகை இன்னும் பச்சையாய் மணக்கும்.
இந்தக் கட்டடத்துக்கு நொதி புதுசில்லை என்பான் பெள்ளிராஜ்:
நசுங்கிய இலை சிவந்ததெல்லாம்
யார் வேலை?

அரவேணுவில் கடைசி பஸ் முனகி ஏறுகிறது.
குடுவைக்குள் பாகு.
நூறில் அறுபது பங்கு சீனி,
கலக்கும் கண்ணாடிக் குச்சி
ஒவ்வொரு சுற்றுக்கும் யோசிக்கிறது.
உள்ளே ஐம்பத்தைந்து டிகிரி.
ஜன்னலுக்கு வெளியே ஏழு.

சர்க்கரை என்றால் கைகோத்த இரண்டு பேர்,
குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்.
நொதி வந்து கையைப் பிரிக்கும்.
பிரிந்த ஃபிரக்டோஸை
முதலில் யார் எட்டிப் பிடிப்பது என்பதில்தான்
என் மூன்று வருடம் போயிருக்கிறது.
தண்ணீர் தாராளமாய் இருந்தால் தண்ணீர் பிடிக்கும்,
மிஞ்சுவது உடைசல்.
நெரிசலென்றால்
பக்கத்துச் சர்க்கரையின் தோளில் விழும்,
இரண்டு மூன்றாகும்,
மூன்று நான்காகும்.
உடைப்பதும் அதே நொதி, கோப்பதும் அதே நொதி.
ஞாயிறு சாயங்காலம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
நின்றுகொண்டு போனவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

விட்டுவந்த குளுக்கோஸைப் பற்றி
யாரும் கேட்பதில்லை.
அது சும்மா இருப்பதுமில்லை.
சேர்ந்து சேர்ந்து
நொதியின் வாசலை அடைத்து உட்காரும்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
கட்டபெட்டுப் பக்கம் சீகை மரம் விழுந்துவிட்டதாம்.
ஜெனரேட்டர் இருக்கிறது.
டீசலுக்கான கடிதம் கோவையில் ஒரு மேசையில்
கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
என் சால்வையைக் குடுவைக்குச் சுற்றினேன்.
ஐம்பத்தொன்று.
நாற்பத்தெட்டு.
குளிரில் நொதி சாகாது, சோம்பும்.
என் மணிக்கணக்கு அந்தச் சோம்பலுக்குத் தெரியாது.

உச்சம் தாண்டினால்
கோத்த அதே நொதி கோத்ததை அவிழ்க்கும்.
அதற்கு முன்னால்
கொதிநீரில் இறக்கி அதைக் கொன்றுவிட வேண்டும்.
நன்றி சொல்ல நேரமில்லாத வேலை.

காவலாளி சூசைமாணிக்கத்தின் கேஸ் அடுப்பு,
அவருடைய டீச் சட்டி.
டார்ச்சைப் பிடித்தபடி கேட்டார்:
பாயசமாம்மா?
இல்லண்ணே.
பின்னே யாருக்கு?
நம்ம குடலுக்கு இதை அறுக்கத் தெரியாது என்றேன்.
இரைப்பை தாண்டி, சிறுகுடல் தாண்டி
கடைசியில் குடியிருக்கும் கிருமிகளுக்கு.
கொஞ்ச நேரம் தண்ணீர் கொதிப்பதையே பார்த்தார்.
நல்ல கிருமியா?
நல்லதுதான்.
வாடகை தருமா?
தரும்ணே,
வேற கணக்குல.

விடிகாலை கரண்ட் வந்ததும்
தகட்டில் சாயம் தெளித்துச் சூடாக்கினேன்.
நீலக்கறுப்புப் பொட்டுகள்,
நீளமானது கீழே தங்கிவிடும்.
மூன்று கண்ணி, அதன் கீழே நான்கு,
அதற்கும் கீழே
இருக்கிறதென்று சொன்னால் இருக்கிற மாதிரி
ஐந்து.
குளுக்கோஸ் இந்தச் சாயத்துக்கு
முகம் காட்டாது.

கீழே இறங்கினால்
சட்டி விளிம்பில் ஒழுகியதை
விரலால் வழித்து நக்கிக்கொண்டிருக்கிறார் சூசைமாணிக்கம்.
இனிப்பு பத்தலையே என்கிறார்,
என்மேல் இரக்கப்பட்டு.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வெப்பம் தவறியது, இரண்டு மணி நேரம்.
தொடர் நான்கு வரை உறுதி.
இனிப்பு குறைவு.
சாட்சி, இரவுக் காவலாளி.