நாற்பதில் ஒன்று

இருபத்தேழாம் கிழமை இரவு.
பள்ளிவாசல் ஒலிபெருக்கி கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.
மேலப்பாளையம் கடைத்தெருவில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
தராசுத் தட்டில் பூனை தூங்குகிறது.

ரொக்கம் அறுபதாயிரம்.
அட்டை, பழைய பேப்பர், சைக்கிள் ரிம், செம்புக் கம்பி,
யாரோ போட்டுப்போன இட்லிக் கொப்பரை,
எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்.
முதலில் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்.
அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.
இந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய
எந்த ஆபீசரும் வரப்போவதில்லை.
அதுதான் கஷ்டம்.

கையில் கிடக்கும் வளையல் ரெண்டு.
போட்டிருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை என்பார்கள் சிலர்,
உண்டு என்பார்கள் சிலர்.
பதினோரு மாதம் நான் முதல் கட்சி.
நோன்பு வந்துவிட்டால் ரெண்டாம் கட்சி.
ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
மதுரைக்காரருக்குத் தரவேண்டிய நாற்பதைக் கழித்தால்
ரெண்டு எண்பது.
நாற்பதில் ஒன்று,
ஏழாயிரம்.

நோட்டின் பின்பக்கத்தில்
கலந்தர் மஸ்தான் பெயருக்கு நேரே
மூன்று வருஷமாய்க் கிடக்கிறது அதே ஏழாயிரம்.
தள்ளுவண்டிக்கு டயர் மாற்ற வாங்கியவன்.
வண்டி போயிற்று.
டயர் மட்டும் எடைக்கு என்னிடமே வந்தது.

ஒரு கோடு இழுத்தால் போதும்,
அவன் கடனும் தீர்ந்தது என் கடமையும் தீர்ந்தது.
அல்லாஹ்வே கூட்டிக் கொடுத்த கணக்கு என்று
காலையில் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன்.
என் மகன் வயசுதான் அவருக்கு.
"கூடாதும்மா. கையில கொடுக்கணும்.
வராத காச கொடுத்ததா எழுதினா
யாருக்குக் கொடுத்தீங்க, உங்களுக்கேவா?"

கோபம் வந்தது. கோபத்தோடு அஸர் தொழுதேன்.
மேற்கே பார்த்த முகத்துக்கு எதிரே
சுவர், சுவருக்கு அப்பால் பொதிகை,
மலைக்கு அப்பால் கடல், கடல் தாண்டி அந்த மணல்.
எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம்
குகைக்குள் வந்த முதல் சொல்லே "ஓதுவீராக".
நடுங்கி வீட்டுக்கு வந்தவரைப் போர்த்திவிட்டு
முதலில் நம்பியவர் ஒரு வியாபாரி.
கணவரைப் பறிகொடுத்தவர்.
ஒட்டகத்தில் சரக்கு அனுப்பி வரவு செலவு பார்த்தவர்.
எனக்கு அது எப்போதும் பிடிக்கும்,
வானத்திலிருந்து வந்ததை
உண்மைதான் என்று முதலில் சொன்னது
கணக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை என்பது.
அவரிடம் போய் நான் இந்தக் கோட்டைக் காட்ட முடியுமா?

கலந்தரைக் கூப்பிட்டேன்.
"லாத்தா, பெருநாள் கழிஞ்சு தாரேன்" என்று
கேட்கும் முன்பே சொன்னான்.
கவரை நீட்டினேன். எண்ணினான்.
நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
அங்கேயே திருப்பித் தருவான் என்று
எனக்குள் ஒருத்தி கை நீட்டி நின்றாள்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
"அல்லாஹ் பரக்கத் செய்வான்."
போய்விட்டான்.

அவன் பங்கு என் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான்.
தெரியும்.
தெரிந்தும் வலித்தது, ரெண்டு நாள்.

செவ்வாய்க்கிழமை சந்தை.
கயிற்றில் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு
என் கடை வழியே வருகிறான்.
வெள்ளையில் கருப்புப் புள்ளி. பெட்டை.
பல்லைப் பார்த்தேன், நல்ல விலைக்குத்தான் படிந்திருக்கிறது.
சலாம் சொன்னான், நானும் சொன்னேன்.
நோட்டில் அவன் கடன் அப்படியே இருக்கிறது.
கேட்பேன், விடமாட்டேன்.

பேசிக்கொண்டு நின்ற நேரத்தில்
ஆடு, கட்டு அவிழ்ந்த அட்டை ஒன்றை இழுத்து
மென்றுகொண்டிருந்தது.
அரைக் கிலோ இருக்கும்.
விரட்டக் கை ஓங்கினேன்.
சரி, தின்னட்டும்.
வரும் நோன்பில்
சரக்கில் கழித்துக்கொள்கிறேன்.