சுட்டதா, சுடாததா

துலூத்துக்கு வடக்கே எழுபது மைல்.
பனிக்கு உப்பு கொட்டிய சாலை
காரின் அடிவயிற்றைக் கரகரவென்று அரித்தது.
ஏல நிறுவனம் என்னை அனுப்பும்போது
சொல்வது இவ்வளவுதான்:
வருத்தம் சொல், காபி குடி,
அப்புறம் பூதக்கண்ணாடியை எடு.

மர்லிஸ் லாக்சோ கதவைத் திறந்தாள்.
வயது எழுபத்தாறு. மேலே கணவரின் கம்பளிச் சட்டை,
கைமடிப்பு மூன்று சுற்று.
வெர்னர் போய் ஐந்து வாரம்.
பல் மருத்துவர். பங்குச் சந்தையை நம்பாதவர்,
வங்கியை அதைவிட நம்பாதவர்.
"இரும்பு திவாலாகாது" என்பாராம்.
துருப்பிடிக்கும். நான் சொல்லவில்லை.

பின்னறை.
வீட்டில் ஏரி தெரிகிற ஒரே அறை அதுதான்.
வெளிச்சம் பட்டால் எஃகின் நீலமும் ஊதாவும் வெளுத்துவிடும் என்று
முப்பத்தொரு வருடம் திரை விலக்கவில்லை.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
யாருக்கோ பதில் சொல்வதுபோல் முனகிக்கொண்டிருந்தது.
பதினான்கு துப்பாக்கிகள், பதினான்கு பஞ்சுப் படுக்கைகள்.
கூரை ஒழுகியபோதும்
ஹவாய் போகலாமா என்று கேட்டபோதும்
அவர் சொன்னது ஒன்றே:
விலை இன்னும் ஏறட்டும்.

சுட்டதா, சுடாததா.
என் பிழைப்பே இந்த ஒரு கேள்வியில் ஓடுகிறது.
சுடுவதற்கென்றே செய்த ஒன்று
சுடாமலே கிழடாகியிருந்தால்
அதற்குத்தான் காசு.

ஏழாம் எண். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கில் செய்த ரிவால்வர்,
நிக்கல் பூச்சு, தந்தப் பிடி,
கடைச்சீட்டு கிழியாத அட்டைப்பெட்டி.
ஆறு அறைகளில் ஐந்து கன்னி கழியாதவை.
ஆறாவதில், விளக்கைச் சாய்த்தபோது,
முடி அளவு ஒரு வளையம்.
ஊசித் துளையைச் சுற்றிப் பித்தளையின் முத்தம்.

"இது ஒருமுறை சுடப்பட்டிருக்கிறது."

"நான்தான்" என்றாள்
காபியில் சர்க்கரை போட்டபடி.

"இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச்.
அவர் மினியாபொலிஸில் கண்காட்சிக்குப் போயிருந்தார்.
ஏழை எடுத்துக்கொண்டு ஏரி நடுவுக்கு நடந்தேன்.
கையுறை போடவில்லை.
யாரோ மீன் பிடிக்கக் குடைந்த குழி இருந்தது.
அதற்குள் சுட்டேன்.
பனிக்கட்டி முழுக்க ஒரு சத்தம் ஓடி
எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு
என் காலடிக்கே திரும்பி வந்தது.
வெந்நீரில் கழுவினேன், எண்ணெய் போட்டேன்,
எடுத்த இடத்தில் வைத்தேன்.
அவருக்குத் தெரியாது."

பதினான்காயிரம் டாலர் நஷ்டம் என்றேன்.
அது என் கடமை.

"ஒரு நொடிக்கா?" கொஞ்சம் யோசித்தாள்.
"பரவாயில்லை.
முப்பத்தொரு வருடத்தில்
நாங்கள் செலவழித்தது அது ஒன்றுதான்."

பிறகு அவருடைய பேரேட்டைத் திறந்தேன்.
ஒவ்வொரு ஜனவரியும் பென்சிலில் புதிய விலை.
எல்லாம் ஏறுமுகம்.
ஏழாம் எண் மட்டும்
இரண்டாயிரத்துப் பத்தில் நாற்பத்தொன்றிலிருந்து
முப்பதுக்கு இறங்கியிருந்தது.
பக்கத்தில் குறிப்பு இல்லை, கேள்விக்குறி இல்லை.
கடைவாய்ப் பல்லின் இடுக்கில்
கடுகளவு சொத்தையைப் பார்த்த கண் அது.
பார்க்காமல் இருந்திருக்குமா?

பக்கத்தை அவள் பக்கம் திருப்பினேன்.
திருப்பியிருக்க வேண்டாம்.
கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.
கழற்றிவிட்டுப் பார்த்தாள்.
"கழித்திருக்கிறார்" என்றாள்.
"பதினைந்து வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கழித்து மட்டும் வைத்திருக்கிறார்."
அது கோபமா, வேறெதுவுமா,
என் கண்ணாடியில் தெரியவில்லை.

இயந்திரத்தை அணைக்கப் போனவள்
பாதி வழியில் நின்றாள்.
"ஏழு விற்பனைக்கு இல்லை."
"ஏன்?"
"ஐம்பது தோட்டா வாங்கினேன்.
இன்னும் நாற்பத்தொன்பது இருக்கிறது."

பட்டியலில் ஒரு வரி அடித்தேன்.
பதின்மூன்று.
என் தரகில் எவ்வளவு குறையும் என்று
கணக்குப் போட்டபடியே ஓட்டினேன்.
அடிவயிற்றில் உப்பு கரகரத்தது.