கடுதாசியின் ஓரம்

விளம்பி வருஷம், மாசி பதினாறு, தேவகோட்டை.
சிரஞ்சீவி அழகிரிக்கு அப்பா ஆசீர்வாதம்.
இப்பவும் இவ்விடம் யாவரும் க்ஷேமம்.

அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.
உடுப்புப் பெட்டிமேல் உட்கார்ந்து
சபைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார்.
வரிக்கு வரி கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்துகிறார்.
அந்த இடைவெளியில்தான் நான் மை தொடுகிறேன்.

'கண்டனூரில் மூன்று ராத்திரி. ஊரே திரண்டது.'
இரண்டு ராத்திரிதான், தம்பி.
மூன்றாவது மழையில் நின்றதென்று எழுதச் சொன்னார்,
அப்புறம் அடிக்கச் சொன்னார்.
மாசி மாதம் இந்தச் செம்மண்ணில் மழை என்றால்
ரங்கூனில் இருந்துகொண்டே நீ சிரிப்பாய்.

'கிரீடத்தை மெருகுக்குக் கொடுத்திருக்கிறோம்.'
கிரீடம் சாத்தப்பச் செட்டியார் இரும்புப் பெட்டியில்
பதினெட்டு ரூபாய்க்குத் தூங்குகிறது.
பெட்டியடிப் பையன் தலையில் வைத்துப் பார்த்தானாம்,
மூக்குவரை இறங்கியதாம்.
அட்டையில் சரிகைத்தாள் ஒட்டிச் சூடிக்கொண்டு
அப்பா தினமும் நாடு இழக்கிறார்.

'மகனே, உன் ஸ்திரீபார்ட் இல்லாமல்
மேடை தாலியறுத்து நிற்கிறது.
கண்டதும் கப்பலேறவும்.'
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.
நன்றாயிருக்கிறது என்றேன்.
இன்னொரு தரம் சொன்னார், மேல் சுருதியில்.
எட்டவில்லை.
இருமலாம்.

இனி ஓரம்.
அவர் படுத்துவிட்டார்.
காகிதத்தைத் திருப்பி நெடுக எழுதுகிறேன்,
நீயும் திருப்பிப் பிடித்துப் படி.
கிட்டங்கியில் யாரிடமும் வாசிக்கக் கொடுக்காதே.

தைப்பூசத்தன்று அவர் குரல் போய்விட்டது.
நடு விருத்தத்தில்.
எண்ணெய் தீர்ந்த திரி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.
பொட்டல் நிறைய ஜனம்.
ஆர்மோனியம் சவுரிமுத்து ஒரே கட்டையை
அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்,
நகர வழியில்லாமல்.
நான் படுதாவுக்குப் பின்னால்
அம்மாவோடு வெல்வெட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தேன்.
வாயில் ஊசி.
ஊசியைத் துப்பிவிட்டுப் பாடினேன்.

உலக்கைக் குரல் என்பாயே,
அந்தக் குரல்தான்.
அவர் ஒரு கணம் தடுமாறினார்,
அப்புறம் வாயசைத்தார்.
என் மூச்சு ஏற அவர் கை ஏறியது.
நாடு போன இடத்தில் அவர் அழுதது நடிப்பில்லை,
எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது என்றாலும்.
பொட்டல் முழுக்க 'இன்னொரு தரம், இன்னொரு தரம்'.
இன்னொரு தரம் பாடினேன்.

அன்று முதல் பதினொரு நாடகம்.
இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.
மறுநாள் காலை என் இலையில்
நெய்க் கரண்டி இரண்டாம் முறை வந்தது.
அவர் கை.

மேலே 'கப்பலேறவும்' என்று இருக்கிறதே,
பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்,
அதனால் அழுத்தி எழுதினேன்.
வராதே.
நீ வந்தால் ராஜவேஷத்தை உன்னிடம் கொடுத்துவிட்டு
அவர் உட்காருவார்.
எனக்கு ஊசியைக் கொடுப்பார்.
அங்கே உனக்குச் சம்பளம் ஒழுங்காய் வருகிறது,
வெள்ளைக்காரத் துரைகள்கூட வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய்.
இரு.

பதினெட்டு ரூபாய்க்கு ஓர் உண்டியல் மட்டும்
செட்டியார் மேல் எடுத்து அனுப்பு.
வட்டி நான் பார்த்துக்கொள்கிறேன்.
கிரீடம் அவருக்குத்தான்.
மீட்டுக்கொண்டு வருகிற வழியில், ஊருணிக் கரையில்,
ஆள் இல்லாத நேரமாய்ப் பார்த்து
ஒரே ஒரு தடவை வைத்துப் பார்ப்பேன்.
பையனுக்கே மூக்குவரை இறங்கியதென்றால்
எனக்கும் பெரிதாகத்தான் இருக்கும்.
கொண்டை போட்டால் நிற்கும்.