அக்கானிக் கண்ணாடி

மார்த்தாண்டம் தேனைத்தான் முதலில் நம்பினோம்.
பூச்சியத்துக்குக் கீழே நாற்பதில்
கெட்டியாகத்தான் நின்றது.
பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியதும்
குப்பிக்குள் நுரைத்துப் பொங்கி
சப்பித் துப்பிய மிட்டாய்போல
அடியில் ஒட்டிக் கிடந்தது.
உள்ளே அனுப்பியது ஆயிரம் கோடி.
தட்டில் முளைத்தவை பதினொரு புள்ளி.

அடுத்து பால்பவுடர். பரவாயில்லை என்று
சொல்ல வாயெடுத்த நடுச்சாமத்தில்
கரண்டு போனது.
ஜன்னலுக்கு வெளியே ஆரல்வாய்மொழி முழுக்கக்
காற்றாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன,
யாருக்கோ.

பனி நீராகிவிடக் கூடாது,
நேரே ஆவியாகிப் போக வேண்டும்:
இந்த வேலைக்கு இருப்பது அந்த ஒரு சட்டம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குப்பியின் கழுத்தில் ஈரம் மினுங்கியது.
றெஜிலா கொண்டுவந்த டீ
ஆடை கட்டி ஆறிப்போனது.

இந்தக் கிருமியைப் பிடித்ததே அக்கானியிலிருந்துதான்.
ராஜாவூர் பக்கம்
சுண்ணாம்பு பூச மறந்த ஒரு கலயம்,
பத்து மணி வெயிலில் புளிக்க ஆரம்பித்திருந்தது.
கலயத்தில் சுண்ணாம்பு பூசுவதே
இவற்றை வளரவிடாமல் வைக்கத்தான்.
அதே அக்கானியில் இவற்றைப் பொதிந்துவைக்கலாம் என்று
முதலில் சொன்னது யார்?
இன்னும் எங்களுக்குள் சண்டை.

தண்ணீர் எழுந்துபோகும் இடத்தில்
சர்க்கரை வந்து உட்கார வேண்டும்,
பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல.
இல்லையென்றால் தோல் ஒட்டிச் சுருங்கி, கிழிந்துவிடும்.
உட்கார்ந்த சர்க்கரை கண்ணாடியாக இறுகும்.
அதற்குள் அது
தின்பதில்லை, பெருகுவதில்லை, சாவதுமில்லை.
பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.
நான் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தால் போதும்,
ஆனிச்சாரலின் ஈரத்தை
ஒரே மூச்சில் குடித்துவிடும் இந்தத் தூள்.
அதனால் கதவைச் சாத்தி
மூச்சையும் கொஞ்சம் சாத்தி
வெதுவெதுப்பான நீரில் விடுகிறோம்.
பதினைந்து நிமிடம் தொடக் கூடாது.
குளிரைத் தாண்டியது, வெறுமையைத் தாண்டியது,
எழுப்பும்போது அவசரப்பட்டால்
அந்த இடத்தில்தான் சாகும்.

மூன்று மாதம் அலமாரியில் இருந்த குப்பி இது.
இரண்டு நாள் கழித்துத் தட்டைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தேன்.
புள்ளிக்கு ஒரு கோடி.
இருநூற்று முப்பத்தாறு.
றெஜிலா பிடுங்கி மறுபடி எண்ணினாள்,
பேனாவால் ஒவ்வொன்றின் தலையிலும் குத்தி.
இருநூற்று முப்பத்தெட்டு, என்றாள்.
இரண்டு கோடி கூடுதலாகப் பிழைத்ததில்
அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஃபோன் அடிக்கிறது. எட்பர்க் சார்தான்.
மேசையில் சிவகாசியிலிருந்து வந்த அட்டைக்கட்டு,
நூல்கூடப் பிரிக்கவில்லை:
‘ஒவ்வொரு பொட்டலத்திலும்
ஐந்நூறு கோடி உயிர்.’

பேனா இன்னும் றெஜிலா கையில்.
ஃபோனை நான்தான் எடுக்க வேண்டும்.