ஒன்பதாவது காபன்

ஆய்வுகூடத்தில் குளிரூட்டி இருபதில் நிற்கும்.
வெளியே கொழும்பு முப்பத்தொன்றில் வேர்க்கும்.
நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு.
அதற்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தால்
தேங்காய் எண்ணெய் மத்தியானத்துக்குள்
தன் கதையைச் சொல்லத் தொடங்கும்:
முதலில் அடியில் ஒரு மூட்டம்,
பிறகு மெழுகு,
பிறகு போத்தலைக் கவிழ்த்தாலும் அசையாத வெள்ளை.

நாற்பத்தேழாம் மாதிரி உறையவில்லை.

சரியாகச் சொன்னால், பாதி உறைந்தது.
மேல்பாதி மஞ்சளாய், சோம்பலாய்,
இன்னும் கதவுக்கு வெளியே நிற்கிற நினைப்பில்.
நில்மினி தேநீரோடு வந்து எட்டிப் பார்த்து
"பாம் ஒயில்" என்றாள்.
முறிவுச் சுட்டி பார்க்க முன்னமே எனக்கும் தெரியும்.

இது விளங்காதவர்களுக்கு
நான் நூறாம் இலக்க பஸ்ஸைச் சொல்வேன்.
மாலை ஐந்தரை, கொள்ளுப்பிட்டிச் சந்தி.
கைகளை உடம்போடு ஒட்டி நிற்பவர்களை
கொண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட" என்று
தீக்குச்சிகளாய் அடுக்கிவிடுவான்.
நடுவில் ஒருவர் முழங்கையை மடித்து
மகளின் பிறந்தநாள் கேக்கை உயர்த்திப் பிடித்தால்
போச்சு.
அவரைச் சுற்றி ஒரு சாண் வெறுமை.
அந்த வரிசை இனி இறுகாது.

கொழுப்பமிலமும் அப்படித்தான்.
பதினெட்டுக் காபன் கொண்ட சங்கிலி
நேராய் நின்றால் அறுபத்தொன்பது பாகை வரை கட்டி.
ஒன்பதாவது காபனில் ஓர் இரட்டைப் பிணைப்பு விழுந்து
முழங்கை மடிந்தால்
பதின்மூன்றிலேயே உருகி ஓடும்.
அதே பிணைப்பு, அதே அணுக்கள்,
ஆனால் இரு துண்டும் எதிரெதிர்ப் பக்கம் போனால்
சங்கிலி நிமிர்ந்துவிடும்: நாற்பத்தைந்து.
ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.
யாருக்குப் பக்கத்தில் யார்,
எந்தப் பக்கம் திரும்பி,
அவ்வளவுதான்.

மடிப்பைத் திட்டவும் மனமில்லை.
என் உடம்பின் கலங்கள் ஒவ்வொன்றின் மென்சவ்வும்
விறைத்துப் போகாமல் இருப்பது
இப்படிச் சில முழங்கைகளால்தான்.
ஆனால் போத்தலில் ஒட்டியிருந்த தாளில்
"நூறு வீதம் சுத்தமான தேங்காய் எண்ணெய்" என்றிருந்தது.
கீழே கடையின் பெயரும்.

தயாநிதி ஸ்டோர்ஸ், வெள்ளவத்தை.
எங்கள் ஒழுங்கை முனை.
பால்மாவுக்கு வரிசை நின்ற நாட்களில்
எங்களுக்கென்று ஒரு பைக்கற்றை
அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்.

படிவத்தில்
இணங்குகிறது, இணங்கவில்லை என்று இரண்டு சொல்.
ஒன்றை வெட்ட வேண்டும்.
வெட்டினேன். பேனை நடுங்கவுமில்லை,
அது வேறு விஷயம்.

படிவம் கேட்காதது இது:
அவரும் ஒரு சங்கிலியில் நிற்கிறவர்.
துறைமுகத்துத் தாங்கி, பீப்பாய், லொறி,
புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடை,
மோட்டார் சைக்கிளில் வரும் முகவர்,
பிறகு அவர், பிறகு என் தாச்சி.
மடிப்பு எந்த இடத்தில் விழுந்தது?
மூலக்கூறென்றால் ஒன்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இதில்
எந்த முனையிலிருந்து எண்ணுவதென்றே தெரியவில்லை.

அன்று மழை.
நனைந்த குடை யாரிலும் படாமல்
முழங்கையை மடித்துப் பிடித்திருந்தேன்.
கொண்டக்டர் என்னைப் பார்த்துத்தான் கத்தினான்.
பம்பலப்பிட்டியில், நான் உண்டாக்கிய இடைவெளிக்குள்
கொஞ்சம் கடற்காற்று வந்து நின்றது.
பக்கத்திலிருந்த பெண் அதற்கு முகத்தைக் கொடுத்தாள்.

இறங்கினேன். கடையில் வெளிச்சம்.
"எண்ணெய் முடிஞ்சிருக்குமே, தங்கச்சி?"
அவர் கை ஏற்கெனவே தட்டுக்குப் போயிருந்தது.

தீப்பெட்டி ஒன்று போதும் என்றேன்.
காசு கொடுக்கும்போது
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்.
புதுப்பெட்டி.
குச்சிகள் நெருக்கமாய், நேராய்,
ஒரு சத்தமும் இல்லை.